டிப்போசிட் இல்லாமல் வீடு தேடிய மூன்று வாரம்

செந்தூலிலிருந்து:

அகதிகளாக வந்தவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர்கள், வீடு தேடி அலைந்தவர்கள் எல்லாரும் எழுதுங்கள். முதலில் நான் சொல்கிறேன்.

2018-இல் கோலாலம்பூர் செந்தூலில், எங்கள் அடுக்குமாடி புளோக்கில், இலங்கையின் முல்லைத்தீவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, தெரிந்தவர் வீட்டு ஹாலில் தங்கியிருந்தது. அப்பா, அம்மா, வயதுக்கு வந்த மகள், சின்னப் பையன். அந்த அக்கா என்னிடம் பணம் கேட்கவில்லை. "தங்கச்சி, ஒரு அறை எண்டாலும் காணும். உள்ளுக்குப் பூட்டுற கதவு இருந்தாச் சரி" என்றார். மகளை வைத்துக்கொண்டு ராத்திரியில் அவர் தூங்குவதே இல்லை.

மூன்று வாரம் அலைந்தோம். மாதம் 800 வெள்ளிக்கு (ரிங்கிட்) பிளாட் இருக்கத்தான் செய்தது. ஆனால் சாவி வாங்கும் அன்றைக்கே இரண்டு மாத டிப்போசிட் 1,600, தண்ணி, கரண்டுக்கு அரை மாத டிப்போசிட் 400, முதல் மாத வாடகை 800 கட்ட வேண்டும். மொத்தம் 2,800. அந்த அண்ணன் கட்டுமான வேலையில் நாள்கூலி. மாதா மாதம் 800 எப்படியாவது புரட்டிவிடுவார். ஒரே நாளில் 2,800க்கு எங்கே போவார்? உதவி என்றதும் நாம் அரிசி, பருப்பு, பழைய துணி கட்டிக்கொண்டு போகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அவர்களை வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைப்பது இந்த முதல் நாள் பணம்தான்.

போனில் சரி என்ற ஒரு வீட்டுக்காரர், ஐ.நா. அகதிகள் அமைப்பு கொடுக்கும் யூ.என். கார்டைப் பார்த்ததும் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பிறகு விசாரித்தபோது அவர் பயமும் புரிந்தது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. நம் சட்டத்தில் அகதி என்று தனி வகை கிடையாது. பத்திரமில்லாதவரைத் தங்க வைத்தால் குடிநுழைவுச் சட்டம் வீட்டுக்காரரையும் கேள்வி கேட்கும். கார்டு இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி குறைப்பார்கள். வேலை செய்ய அனுமதியோ அரசாங்கப் பள்ளியில் பிள்ளைக்கு இடமோ அதை வைத்துக் கிடைக்காது.

அந்த மாதம் நான் போட்டிருந்த கூட்டு (சீட்டுப் பணம்) கைக்கு வந்தது. அதிலிருந்து டிப்போசிட் 2,000 கொடுத்தேன், வாடகையை அவர்கள் கட்டினார்கள். வீட்டுக்காரர் வயதான ஓர் அம்மா. யார் குடிவரப் போகிறார்கள் என்பதை மறைக்காமல் சொன்னோம். ஒப்பந்தத்தில் என் ஐ.சி. (அடையாள அட்டை) நம்பர் இருந்தால் போதும் என்றார். அன்றிரவு அக்கா பையனின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, "பெற்றது 2,000 வெள்ளி. வீடு விடும்போது திருப்பித் தரப்படும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகளைச் சாட்சியாகப் போடச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. யூ.என். கார்டுகள் இருந்த அதே மைலோ டின்னில் அதன் நகலையும் வைத்தார்.

ஸ்கார்பரோவிலிருந்து:

அக்கா, நான் கே.எல்.லில் (கோலாலம்பூரில) ஆறு வருசம் இருந்து, அரசாங்க உதவியோட கனடா வந்தனான். இங்கயும் முதல் நாள் பிரச்சினை இதேதான். வந்த புதுசில தற்காலிகமா ஒரு இடம் தருவினம். பிறகு சொந்தமாப் பிடிக்க வேணும். மாசக் காசு அதிகபட்சம் ஒரு வருசம், அதுக்குள்ள வேலை கிடைச்சா நிண்டிடும். விமான டிக்கெட்டுக் காசு கடன், வட்டியில்லை, ஆனாத் திருப்பிக் கட்ட வேணும். எனக்கு அது இங்க வந்து கடிதம் வந்தாப் பிறகுதான் உறைச்சது. வரப்போற ஆக்கள் இப்பவே கணக்கில வையுங்கோ.

இன்னொண்டு. ஒன்ராறியோவில வீட்டுக்காரர் முதல் மாச வாடகையோட கடைசி மாச வாடகையைத்தான் டிப்போசிட்டாக் கேக்கலாம். அதுக்கு மேல கேக்கச் சட்டத்தில இடமில்லை. என்னட்ட ஒருத்தர் ஆறு மாசக் காசு கேட்டார். சட்டம் தெரியாம, நகையை வித்துக் குடுத்தன். மனுசி இண்டைக்கும் வெறும் கழுத்தோடதான் கோயிலுக்குப் போறா.

பட்டர்வொர்த்திலிருந்து:

நான் வீட்டுக்காரன் பக்கம். நாலு வருசமாக ஒரு ரோஹிங்யா குடும்பத்துக்கு வீடு கொடுத்திருக்கிறேன். டிப்போசிட்டை மாதம் 100 வெள்ளி என்று வாடகையோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அக்கம்பக்கத்தார் முதலில் முணுமுணுத்தார்கள். நோன்புப் பெருநாளுக்கு அந்த வீட்டிலிருந்து தட்டு வந்த பிறகு பேச்சு நின்றது.

செந்தூலிலிருந்து:

பணம் திரும்பி வந்ததா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: வந்தது. 2022-இல் அவர்களுக்கு நியூசிலாந்தில் குடியேற இடம் கிடைத்தது. ஆக்லாந்தில் மாங்கரே மையத்தில் முதல் சில வாரங்கள் தங்க வைத்து, பிறகு வீடு கொடுத்தார்களாம். மகள்தான் போன் பண்ணினாள். "அக்கா, எனக்குத் தனி அறை" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

புறப்படும் முன் வீட்டுக்கார அம்மா, உடைந்த குழாய்க்கு 130 கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். அந்த 130-ஐ நான் போட்டேன். அதே 2,000 அடுத்த குடும்பத்துக்குப் போனது, இப்போது மூன்றாவது குடும்பத்திடம் இருக்கிறது. அந்த நோட்டுத் தாளில் மூன்று கையெழுத்து.

நான்காவதாக ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு காத்திருக்கிறார். செந்தூல், பத்து கேவ்ஸ் பக்கம், 700 வெள்ளிக்குள், டிப்போசிட்டைத் தவணையில் வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரர் யாராவது தெரிந்தால் எழுதுங்கள். ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில் இருந்தால் நல்லது.