ரோமானியர் பாடத்தை வாளில் தொடங்குவதா, ரொட்டியில் தொடங்குவதா?

வகுப்பறை மாறன்:
ஒன்பதாம் வகுப்பில் ரோமானியர் பாடத்தை எப்படித் தொடங்கினால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். மக்கள் பார்க்க அரங்கில் ஆயுதமேந்திச் சண்டையிட்ட கிளாடியேட்டர்களைக் கொண்டு தொடங்குங்கள் என்பேன். கி.பி. 80இல் ரோம் நகரில் திறக்கப்பட்ட கொலோசியம் அரங்கின் படத்தைக் காட்டி, "ஏறக்குறைய 50,000 பேர் இங்கே எதைப் பார்க்கக் கூடினார்கள்?" என்று கேளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில்கூட ஒரு தலையும் சாயாது.

செங்காந்தள்:
தலை சாயாதுதான், மாறன் ஐயா. ஆனால் அந்தக் கேள்வி பிள்ளைகளை எங்கே உட்கார வைக்கிறது? பார்வையாளர் வரிசையில். களத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் அடிமைகள், போர்க்கைதிகள். கைதட்டலோடு தொடங்கிவிட்டு, மறுநாள் சட்டம், நீர்க்கால்வாய் என்று போனால் "சண்டை மறுபடி எப்போது?" என்றுதான் கேட்பார்கள்.

நான் ஒரு ரொட்டியைக் காட்டுவேன். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரில் கருகி, வடிவம் குலையாமல் கிடைத்த ரொட்டி அது. என்னவென்று சொல்லாமல் படத்தை மட்டும் காட்ட வேண்டும். கல் என்பார்கள், சக்கரம் என்பார்கள். ரொட்டி என்று தெரிந்ததும் வகுப்பே கலகலக்கும். பிறகு அதன்மேல் பதிந்திருக்கும் முத்திரையைப் படித்துக் காட்டுங்கள்: இது குயின்டஸ் கிரானியஸ் வேருஸின் அடிமை கெலெருடையது. அடிமைக்கு ஏன் முத்திரை? மாவு யாருடையது? சுட்டவன் இதைத் தின்றானா? நாம் கேட்க வேண்டியதில்லை, அவர்களே கேட்பார்கள்.

காலக்கோடு:
இருவரும் ஆண்டுகளை மறந்துவிட்டீர்கள். சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44இல். அந்த ரொட்டி கருகியது அதற்கு 120 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. முதலில் கரும்பலகையில் ஒரு கோடு போடாவிட்டால், தேர்வுத்தாளில் சீசர் எரிமலையில் செத்திருப்பார்.

செங்காந்தள்:
கோடு கட்டாயம் வேண்டும். ஆனால் அதில் எதைக் குறிக்கிறோம் என்ற ஆவல் பிறந்த பிறகு போடலாமே.

துறைமுகன்:
புதுச்சேரிக்கு அருகே இருக்கும் பழைய துறைமுகமான அரிக்கமேட்டை விட்டுவிட்டீர்களே! 1945இல் தொல்லியலாளர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலிய மண்பாண்டங்கள் கிடைத்தன. கோவை வட்டாரத்தில் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான வாசல் ஏது?

வகுப்பறை மாறன்:
பெருமைக்குரிய செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் நாளே அதைச் சொன்னால் ரோமானியர் நம்மிடம் மிளகு வாங்கிய வாடிக்கையாளர்களாக மட்டுமே நினைவில் நிற்பார்கள். வணிகத்துக்கு வரும் நாளில் அந்தக் காசுகளை எடுங்கள்.

செங்காந்தள் அம்மாவுக்கு ஒன்று. களத்தின் பக்கத்திலிருந்தும் கதையைத் தொடங்கலாம். கி.மு. 73இல் கபுவா நகரின் கிளாடியேட்டர் பயிற்சிக்கூடத்திலிருந்து தப்பிய ஸ்பார்ட்டகஸை எடுங்கள். சமையலறைக் கத்திகளோடு வெளியேறிய சிறு கூட்டம் ரோமப் படைகளையே தோற்கடித்தது. கிளர்ச்சி அடங்கியபின் கபுவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். இதைக் கேட்டபின் எந்தப் பிள்ளை கைதட்டும்?

செங்காந்தள்:
ஸ்பார்ட்டகஸ் வேண்டும், ஆனால் இரண்டாம் நாள். அவன் அரிதான மனிதன். பேரரசு நடந்ததோ தினமும் விடியுமுன் எழுந்து மாவு பிசைந்த கெலெர்களின் உழைப்பில். அந்த அன்றாடம் தெரியாமல், எதை எதிர்த்து அந்தக் கிளர்ச்சி என்பது பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்?

வகுப்பறை மாறன்:
அது பலமான வாதம். இருந்தாலும் நடைமுறையைப் பாருங்கள். படம் காட்டும் கருவி இல்லாத பள்ளிகள் எத்தனை! புத்தக அளவுப் படத்தைத் தூக்கிப் பிடித்தால் கடைசி வரிசைக்கு முத்திரையா தெரியப்போகிறது? கதையென்றால் குரலே போதும்.

செங்காந்தள்:
களிமண்ணில் செய்யுங்கள் ஐயா. வட்டமாகத் தட்டி, பிட்டுத் தின்ன வசதியாகக் கோடுகள் கீறி, கெலெரின் பெயரைக் குச்சியால் எழுதி, முந்தின நாளே வெயிலில் காயவைத்துவிடலாம். காசு செலவில்லை. வரிசைக்கு ஒன்று என்று கையில் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் நீங்கள் வாய் திறக்காதீர்கள்.