17.5 பிளிங்கி டூரிங்: பினியன் ஏற்ற ஏற்ற மோட்டர் கொதிக்கிறது, வேகம் வரவில்லை

வளைவுக்காரன்:

வணக்கம் நண்பர்களே. 1/10 அளவு ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) டூரிங் கார், பெல்ட் டிரைவ், காரின் உள் விகிதம் (பெல்ட் வழியான வேகக் குறைப்பு) 1.9. மோட்டர் 17.5 (கம்பிச் சுற்று எண்ணிக்கை), ஈஎஸ்சி (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) பிளிங்கி மோடில், அதாவது பூஸ்ட், டர்போ போன்ற மின்னணு டைமிங் ஏற்றம் இல்லாமல். பேட்டரி 2எஸ் (இரண்டு செல்) லைப்போ, ஷார்ட்டி பேக். தார்த்தளம், நடுத்தர அளவு டிராக். நேர்ப்பாதை சுமார் 35 மீட்டர், அதன் முடிவில் அகலமான வளைவு, உள்பக்கம் நெருக்கமான இரண்டு ஹேர்பின் (யு வடிவ வளைவு). ரப்பர் டயர், புதிதில் விட்டம் 63.5 மி.மீ.

ஸ்பர் (பெரிய பல்சக்கரம்) 96 பல். பினியன் (மோட்டர் தண்டிலுள்ள சின்னப் பல்சக்கரம்) 43இல் தொடங்கி இப்போது 48இல் நிற்கிறது. எல்லாம் 64 பிட்ச் (பல்லின் அளவு). நேர்ப்பாதையில் மற்ற கார்கள் தாண்டிப் போகின்றன என்பதால்தான் ஏற்றியது. முதல் இரண்டு நிமிடம் பரவாயில்லை, நான்காம் நிமிடத்தில் கார் துவண்டுவிடுகிறது. 5 நிமிட ஹீட் (ஒரு பந்தய ஓட்டம்) முடிந்து தெர்மாமீட்டர் காட்டினால் மோட்டர் 95 டிகிரி. எண்ட்பெல் டைமிங் (மோட்டரின் பின்மூடியைத் திருப்பி மின்னோட்டம் மாறும் நேரத்தை முந்தவைப்பது) 45 கோட்டில்.

முன்னால் ஸ்பூல் (இரு சக்கரமும் சேர்ந்தே சுற்றும் பூட்டிய அச்சு), பின்னால் கியர் டிஃப் (இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது), 7000 ஆயில். பின் டோ (சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பிய கோணம்) 3 டிகிரி, கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) நான்கிலும் மைனஸ் 2, ரைடு ஹைட் (சேஸிக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளி) முன் 5.2, பின் 5.4 மி.மீ. ஹேர்பினிலிருந்து த்ராட்டில் கொடுத்து வெளியேறும்போது மூக்கு வெளியே ஓடுகிறது. கியரா, டைமிங்கா, செட்டப்பா? முதலில் எதில் கைவைப்பது?

பல்சக்கரம்:

முதலில் எண்களைப் பாருங்கள். ஸ்பரைப் பினியனால் வகுத்து உள் விகிதத்தால் பெருக்கினால் எஃப்டிஆர், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டர் சுற்றும் எண்ணிக்கை. 96/48 × 1.9 = 3.80. நீங்கள் தொடங்கிய 43இல் அது 4.24. இரண்டுக்கும் நடுவே இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை. ரோல்அவுட்டாகச் சொன்னால், அதாவது மோட்டர் ஒரு சுற்று சுற்றினால் கார் நகரும் தூரம், 43இல் 47 மி.மீ., 48இல் 52.5 மி.மீ. மோட்டர் 19,000 ஆர்பிஎம் எட்டும் என்று வைத்துக்கொண்டால் காகிதத்தில் 54 கிலோமீட்டர் வேகம் 60 ஆகிறது. ஆனால் 35 மீட்டருக்குள் அந்த ஆர்பிஎம்மை அந்தக் கியரில் எட்டவே முடியாது. நீங்கள் கணக்கில் வாங்கிய வேகம் டிராக்கில் வந்து சேருவதில்லை.

சூட்டுக்குக் காரணமும் அதே இடத்தில்தான். பூஸ்ட், டர்போ எதுவும் இல்லாத மோட்டர் தன் ஆற்றலின் உச்சத்தைத் தருவது சுமையற்ற வேகத்தின் ஏறக்குறைய பாதியில். அதற்குக் கீழே இறங்கினால் ஆம்பியர் ஏறும், அதில் பெரும்பகுதி வெப்பமாகப் போகும். பெரிய பினியன் போட்டுவிட்டு ஒவ்வொரு ஹேர்பினிலும் அந்தப் பள்ளத்திலிருந்து மோட்டரைக் கிளப்பவைக்கிறீர்கள். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் கூடும். 30இலிருந்து 95 டிகிரிக்குப் போனால் தடை ஏறக்குறைய கால் பங்கு அதிகம். ரோட்டர் காந்தமும் சூட்டில் வலுவிழக்கும். நான்காம் நிமிடத்தில் கார் துவள்வது இந்த இரண்டாலும்தான், பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம்.

43க்கே திரும்புங்கள். ஹீட் முடிந்த உடனே, காரை எடுத்துவந்த நொடியில், எண்ட்பெல்லிலும் கேனிலும் (மோட்டரின் உலோக உறை) அளந்து 70இலிருந்து 75 டிகிரிக்குள் நிறுத்தப் பாருங்கள். 80ஐத் தாண்ட விடாதீர்கள். வெயில் தணிந்த பிறகு ஒரு பல் ஏற்ற இடமிருக்கும், மதியத்தில் கிடையாது.

சரியான கியரா என்று அறிய நேர்ப்பாதையின் கடைசி ஐந்து மீட்டரைக் காதால் கேளுங்கள். பிரேக் புள்ளிக்கு வெகு முன்னரே சத்தம் ஒரே சுருதியில் நின்றுவிட்டால் பினியன் சிறியது. பிரேக் பிடிக்கும்போதும் சுருதி ஏறிக்கொண்டே இருந்தால் பெரியது. உச்சம் பிரேக்குக்குச் சற்று முன் வர வேண்டும். ஆனால் தீர்ப்பு சொல்வது லேப் டைம்தான், நேர்ப்பாதை வேகம் இல்லை.

தார்த்தடம்:

பல்சக்கரம் சொன்ன கணக்கு சரி. ஆனால் 43க்குத் திரும்பியதும் மறுபடி நேர்ப்பாதையில் உங்களைத் தாண்டிப் போவார்கள், அங்கே மனம் தளர்ந்து பினியனைத் தேடாதீர்கள். 17.5இல் நேர்ப்பாதை வேகம் அதற்கு முந்தின வளைவிலிருந்து வருகிறது. மூக்கு வெளியே ஓடுகிறது என்றீர்களே, அதுதான் உங்கள் வேகத் திருடன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு த்ராட்டிலை ஒரு நொடி தாமதமாக முழுதாக்கினால் நேர்ப்பாதை முழுக்க அதற்கான கடனைக் கட்ட வேண்டும்.

வரிசையாகச் சொல்கிறேன், ஒரு சமயத்தில் ஒன்று மட்டும் மாற்றுங்கள்.

பினியனைக் கழற்றிவிட்டுக் காரைச் சமதளத்தில் தள்ளிவிடுங்கள். சீக்கிரமே நின்றுபோனால் பெல்ட் இறுக்கம், பேரிங், டிரைவ்ஷாஃப்ட், வீல் நட் அழுத்தம் இவற்றில் ஏதோ ஒன்று. பெல்ட்டை விரலால் அழுத்தினால் சற்றுத் தளர வேண்டும். ரொம்பப் பேர் பெல்ட் பல் தாண்டிவிடுமோ என்ற பயத்தில் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள், மோட்டர் சூட்டில் ஒரு பங்கு அங்கிருந்தே வருகிறது. பாடி டயரைத் தொடுகிறதா என்று முழு ஸ்டியரிங்கில், ஷாக்கை அமுக்கிப் பாருங்கள். உள்பக்கம் கறுப்புக் கோடு இருந்தால் தொடுகிறது.

அடுத்து ட்வீக், அதாவது சேஸி முறுக்கிக்கொண்டிருப்பது. கூர்மையான அலகு ஒன்றைச் சேஸியின் முன் நடுவில் வைத்துத் தூக்குங்கள், இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பின்பக்கமும் அப்படியே. ஒரு பக்கம் முந்தினால் மற்ற எந்த மாற்றத்தையும் நம்ப முடியாது, முதலில் இதைச் சரிசெய்யுங்கள். இடம், வலம் எடை 10 கிராமுக்குள் ஒத்துப்போகட்டும்.

மூக்கு ஓடுவதற்குப் பின் டோவை 3இலிருந்து 2.5க்குக் குறையுங்கள். பின் டயர்கள் தளத்தில் தேய்வது குறையும், அதனால் நேர்ப்பாதையிலும் கார் இலகுவாக உருளும். 17.5க்கு இந்த ஒரு மாற்றமே இரட்டை லாபம். அதற்கு அடுத்து முன் ட்ரூப்பை (சேஸி எழும்போது சக்கரம் கீழே தொங்கும் அளவு) கொஞ்சம் குறைக்கலாம். த்ராட்டில் கொடுத்ததும் சேஸியின் முன்பக்கம் மேலெழுவது குறைந்து, எடை முன் டயரிலேயே தங்கும். டிஃப் ஆயிலை இப்போதைக்குத் தொடாதீர்கள். மெல்லிய ஆயில் பின்பக்கப் பிடிப்பைக் கூட்டும், உங்களுக்குத் தேவை அதற்கு நேர் எதிர்.

டிரான்ஸ்மிட்டரில் ஸ்டியரிங் டூயல் ரேட்டையும் (சக்கரம் அதிகபட்சம் திரும்பும் அளவு) பாருங்கள். தேவைக்கு மேல் திருப்பினால் முன் டயர் வளைவில் இழுபட்டு பிரேக் போலத்தான் செயல்படும். ஹேர்பின் வளைக்கப் போதுமான அளவுக்கு மேல் ஒரு புள்ளிகூட வேண்டாம்.

வளைவுக்காரன்:

மிக்க நன்றி. 43க்கு மாற்றிவிடுகிறேன். டைமிங் 45இலேயே இருக்கட்டுமா? இன்னொன்று: 48 பிட்ச் ஸ்பர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதை இந்த 64 பிட்ச் பினியனோடு போடலாமா?

பல்சக்கரம்:

போடவே கூடாது. 64 பிட்ச் என்றால் ஓர் அங்குல விட்டத்துக்கு 64 பல், 48 பிட்ச்சில் பல் பெரியது. இரண்டும் கோர்க்காது, சில சுற்றிலேயே ஸ்பரின் பல் மழுங்கிவிடும். மாட்யூல் 0.6 பினியனும் அதேபோல் வேறு ரகம், தாமியா கிட்டோடு வரும் பல்சக்கரங்கள் பெரும்பாலும் அவை. கடையில் வாங்கும்போது பெட்டியில் பிட்ச் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

மெஷ் (இரு பல்சக்கரமும் கோர்க்கும் இடைவெளி) வைக்கும்போது ஒன்று நினைவில் வையுங்கள். 64 பிட்ச்சில் ஒரு பல் மாறினால் மோட்டர் நகர வேண்டிய தூரம் 0.2 மி.மீ.தான். கண்ணால் பார்த்து வைக்க முடியாது. மெல்லிய காகிதக் கீற்றை நடுவில் கொடுத்து, மோட்டரை அழுத்தி, ஸ்க்ரூவை முறுக்கி, காகிதத்தை உருட்டி எடுங்கள். பிறகு ஸ்பரை முழுச் சுற்று சுற்றி நாலைந்து இடத்தில் ஆட்டம் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்பர் முழு வட்டமாக இருப்பது அபூர்வம், இறுக்கமான இடத்தை வைத்துத்தான் மெஷ் அமைக்க வேண்டும். தளர்வான இடத்தில் வைத்தால் இறுக்கமான இடத்தில் கடித்து மோட்டர் சூடாகும்.

டைமிங் 45 அதிகம். டைமிங் ஏற்றினால் ஆர்பிஎம் கூடும், டார்க் குறையும், ஆம்பியர் ஏறும். ஆகவே டைமிங் ஏற்றினால் பினியனைக் குறைக்க வேண்டும், இறக்கினால் ஏற்றலாம். நீங்கள் இரண்டையும் ஒரே திசையில் ஏற்றியிருக்கிறீர்கள். மோட்டர் அனலைசர் கிடைத்தால் 2 டிகிரி வீதம் நகர்த்தி, சுமையில்லாமல் ஆர்பிஎம்மையும் ஆம்பியரையும் எழுதுங்கள். ஒரு கட்டத்தில் ஆர்பிஎம் கொஞ்சமாகவும் ஆம்பியர் திடீரென்றும் ஏறும். அதற்கு முந்தின கோட்டில் நிறுத்துங்கள். அனலைசர் இல்லையென்றால் 38இல் தொடங்கி, ஹீட்டுக்கு ஹீட் சூட்டைப் பார்த்து ஏறுங்கள். எண்ட்பெல் கோடுகள் மோட்டருக்கு மோட்டர் மாறும், அடுத்தவர் சொன்ன டிகிரியை அப்படியே வைக்க முடியாது.

டிஃப்ஆயில்:

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. விட்டம் 63.5இலிருந்து 62 மி.மீ.க்குத் தேய்ந்தால் ரோல்அவுட் 47இலிருந்து 45.9 ஆகும். பினியனை 43இலிருந்து 42 ஆக்கியதற்கு அது அச்சொட்டாகச் சமம். டயர் பழசாகும்போது நேர்ப்பாதை மந்தமாவதை மோட்டர் பலவீனம் என்று நினைத்து டைமிங் ஏற்றுவது நிறைய இடத்தில் நடக்கிறது. வெர்னியரில் அளந்து, ரோல்அவுட் அதே எண்ணில் நிற்கும்படி பினியனை மாற்றுங்கள். டயர் தேய்ந்தால் ரைடு ஹைட்டும் இறங்கும். சேஸியின் முன் ஓரத்தில் கீறல் தெரிந்தால் ஷாக் காலரை (ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையம்) அதற்கேற்ப ஏற்றுங்கள்.

கேம்பர் மைனஸ் 2 என்றீர்கள். டயரின் உள்ஓரம் மட்டும் தேய்ந்தால் மைனஸ் 1.5க்கு வாருங்கள். சமமாகத் தேய்ந்தால் அப்படியே விடுங்கள்.