அரைப் பக்கத்தில் நின்றுவிடும் மை: கையால் கடைந்த பேனாவில் நிப், ஃபீட் பொருத்துவதில் உதவி தேவை

புதுக்கடைசல்:
வணக்கம். எபோனைட் என்னும் கடின ரப்பர் தண்டிலிருந்து நானே கடைந்த முதல் பேனா இது. மூடி, மரை, மெருகு எல்லாம் நன்றாகவே அமைந்துவிட்டன. ஆனால் நிப்பையும், அதன் அடியில் இருந்து மையைக் கொண்டுவரும் ஃபீடையும் பொருத்தி மை நிரப்பினால், முதல் பத்து வரிகள் ஈரமாக, அழகாக விழுகின்றன. பிறகு கோடு வெளிறிக்கொண்டே போய் அரைப் பக்கத்துக்குள் அடியோடு நின்றுவிடுகிறது. உதறினால் இன்னும் நாலு வரி வருகிறது. நிப்பை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. நாளை மறுநாள் இதை ஒருவருக்குப் பரிசளிக்க வேண்டியிருப்பதால் விரைந்து சொல்லுங்கள்.

நீலமை:
இன்னும் சில விவரங்கள் வேண்டும். மை நேரடியாகப் பேனாவின் உடலில் ஊற்றப்படுகிறதா, மை உறிஞ்சி வைக்கும் கன்வெர்ட்டர் உள்ளதா? ஃபீட் எபோனைட்டா, பிளாஸ்டிக்கா? அது நிப்போடு சேர்த்து மரையுள்ள கூட்டோடு திருகப்படுகிறதா, விரல் பிடிக்கும் கழுத்தின் துளைக்குள் அப்படியே அழுத்திச் செருகப்படுகிறதா?

வெந்நீர்ப்பிரியன்:
விவரமே தேவையில்லை, இது ஃபீட் நிப்போடு ஒட்டி அமராத கோளாறு. நிப்பைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நிப்புக்கும் ஃபீடுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிந்தால், கொதித்து இறக்கிய நீரில் முனையை அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்து, துணியால் பற்றிக்கொண்டு ஃபீடை நிப்போடு சேர்த்து அழுத்தி, அழுத்தியபடியே குளிர்ந்த நீரில் காட்டுங்கள். எபோனைட் சூட்டில் இளகி அந்த வளைவை அப்படியே பிடித்துக்கொள்ளும். என் பேனாக்களில் பத்துக்கு ஒன்பது இதிலேயே சரியாகியிருக்கின்றன.

மூத்தகடைசல்:
லேத்தைத் தொடுவதற்கு முன் அளவெடுக்கும் வெர்னியரைத் தொடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. நிப் தயாரிப்பாளர்களில் யோவோவின் 6ஆம் எண் அளவு நிப் கூட்டுக்கு மரை விட்டம் 7.4 மி.மீ., போக்கின் 6ஆம் எண் கூட்டுக்கு 7.5 மி.மீ.; இரண்டிலும் மரை இடைவெளி 0.5 மி.மீ. என்பதால் புதியவர்கள் இரண்டும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்றுக்கு வெட்டிய மரையில் மற்றது ஒழுங்காக அமராது. தாங்களும் அதையே செய்திருப்பீர்கள்.

புதுக்கடைசல்:
மன்னிக்கவும், கூடு எதுவும் இல்லை. ஃபீட் எபோனைட், நிப் 6ஆம் எண், நேரடியாகச் செருகியது. மையும் நேரடியாக உடலில் ஊற்றுவதுதான். ஒளிக்கீற்று எதுவும் தெரியவில்லை, நிப் ஒட்டித்தான் இருக்கிறது.

நீலமை:
அப்படியானால் மரை பற்றிய பேச்சை விட்டுவிடலாம். தாங்கள் சொல்லும் அறிகுறி மைத் தட்டுப்பாட்டைவிடக் காற்றுத் தட்டுப்பாட்டையே காட்டுகிறது. மூடிய உடலுக்குள் இருந்து மை வெளியேற வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அது போவதற்கு ஃபீடின் வாய்க்காலைத் தவிர வேறு வழி கிடையாது. வாய்க்காலின் அடியில் உள்ள மயிரிழைப் பிளவுகளில் மை இறங்கும், மேலே நிப்பை ஒட்டிய அகலமான பகுதியில் காற்றுக் குமிழிகள் ஏறும். அந்தப் பாதை அடைபட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து, மை இருந்தும் வராது. உதறினால் வருவதற்கும் காரணம் அதுவே.

ஒரு சோதனை செய்யுங்கள். எழுத்து நின்றவுடன், முனையைப் பழைய துணிக்கு மேல் பிடித்துக்கொண்டு, உடலைக் கழுத்திலிருந்து ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். உடனே மை பாய்ந்து வந்தால் காற்றுதான் குற்றவாளி. மை கொட்டவும் கூடும் என்பதால் நல்ல சட்டையோடு இதைச் செய்ய வேண்டாம்.

மூத்தகடைசல்:
வாய்க்கால் பாடத்தை எபோனைட் ஃபீடுக்கு நடத்த வேண்டிய அவசியமே இல்லை. எபோனைட் மையைத் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இந்த வம்பெல்லாம் பிளாஸ்டிக் ஃபீட்களோடு வந்தது. 1884இல் பேனா தயாரிப்பாளர் வாட்டர்மன் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து நல்ல பேனாவுக்கு எபோனைட்தான்.

பிளவுநோக்கி:
ஐயா, அந்தக் காப்புரிமையின் சாரம் எபோனைட் அல்ல. வாய்க்காலின் அடியில் நுண்ணிய பிளவுகளை வைத்து, மை இறங்கும்போதே காற்றும் ஏறுமாறு செய்த அமைப்பே. எபோனைட் எளிதில் ஈரமாவது உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் வெட்டிய பரப்பில் இருக்கும் நுண்ணிய சொரசொரப்பு. அதையே கண்ணாடிபோல் மெருகேற்றிவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைத் தாங்களே பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் ஃபீடுக்கும் மை பிடிக்குமாறு பரப்பைப் பதப்படுத்தித் தருகிறார்கள். அதன் அடுக்கு மடிப்புகள் கை வெப்பத்தில் மிகையாக வரும் மையைத் தேக்கி வைத்துச் சொட்டாமல் காக்கின்றன.

மூத்தகடைசல்:
அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஃபீடை நிப்பின் வளைவுக்கு ஏற்பச் சூடேற்றி வளைத்துக் காட்டுங்கள், பிறகு பேசலாம். வளையாத பொருளுக்கு வக்காலத்து எதற்கு?

வெந்நீர்ப்பிரியன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன், வெந்நீர்தான் அடிப்படை. பிளாஸ்டிக்கைக்கூட மிதமான சூட்டில் சிறிது வளைத்திருக்கிறேன்.

பிளவுநோக்கி:
வெந்நீரில் போட்டுப் பிளாஸ்டிக் ஃபீடின் மடிப்புகளைக் கோணலாக்கியவன் நான். தயவுசெய்து இதைப் பிறருக்குப் பரிந்துரைக்க வேண்டாம்.

புதுக்கடைசல்:
உடலைத் தளர்த்தியதும் மை குபுக்கென்று வந்துவிட்டது. துணி போயிற்று, சட்டை தப்பியது. ஆக, காற்றுதான். ஆனால் ஃபீடின் வாய்க்கால் கடையிலிருந்து வந்தபடியேதான் இருக்கிறது, நான் அதில் கை வைக்கவே இல்லை.

நீலமை:
நல்லது. இப்போது அளவுகளைச் சொல்லுங்கள்: ஃபீடின் விட்டம், நிப் தகட்டின் தடிமன், துளையிட்ட டிரில் பிட்டின் அளவு. நிப்பையும் ஃபீடையும் துளைக்குள் ஏற்றும்போது என்ன செய்தீர்கள் என்பதையும், அற்பம் என்று தோன்றினாலும் விடாமல், எழுதுங்கள்.

புதுக்கடைசல்:
ஃபீட் 6.3, நிப் 0.25, டிரில் பிட் 6.5, எல்லாம் மி.மீ. மிகவும் இறுக்கமாக இருந்ததால், உடலின் மரையில் கசிவுக்காகப் பூசும் சிலிக்கான் கிரீஸையே கொஞ்சம் ஃபீடின் மேலும் தடவி ஏற்றினேன். அது எல்லோரும் செய்வதுதானே?

நீலமை:
மரையில் எல்லோரும் பூசுவார்கள். ஃபீடில் யாரும் பூசக் கூடாது. இறுக்கமான துளைக்குள் தள்ளும்போது, துளையின் விளிம்பு கிரீஸை வழித்து ஃபீடின் வாய்க்காலுக்குள்ளும் நிப்பின் அடியிலும் சேர்த்திருக்கும். அது காற்றின் வழியை அடைப்பதோடு, பட்ட இடத்தில் மை ஒட்டவும் விடாது.

அளவிலும் ஒரு சிக்கல் உள்ளது. நிப் ஃபீடை முழுவதும் சுற்றிக்கொள்வதில்லை, மேற்புறத்தை மட்டும் தழுவுகிறது. எனவே தகட்டின் தடிமனை ஒரு முறைதான் கூட்ட வேண்டும், தங்களுக்கு 6.55 வருகிறது. துளையோ 6.5கூட இருக்காது. துளையிடும்போது எபோனைட் சூடேறி விரிந்து, ஆறிய பிறகு சுருங்குவதால் துளை பிட்டைவிடச் சிறிதாகிவிடும். வெட்டும் பள்ளங்கள் இல்லாத, பிட்டின் மழமழப்பான காம்புப் பகுதியை விட்டுப் பாருங்கள்; அது கையால் வழுக்கிக்கொண்டு போகாவிட்டால் துளை சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

நிப், ஃபீட் இரண்டையும் நேராகப் பிடித்து உருவுங்கள், திருக வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் மென்மையான பல் துலக்கியால் தேய்த்து, வாய்க்காலின் பிளவுகளில் மெல்லிய பித்தளைத் தகட்டை நீளவாக்கில் ஓட்டுங்கள். கழுத்தின் உட்புறத்தையும் கழுவ மறக்காதீர்கள். ஃபீடில் தண்ணீர் முத்தாக நிற்காமல் படலமாகப் பரவும்வரை கழுவ வேண்டும். பிறகு, குச்சியில் சுற்றிய நுண்ணிய உப்புத்தாளால் துளையைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் நிப்பையும் ஃபீடையும் சேர்த்தே செருகிப் பாருங்கள். கட்டைவிரல் அழுத்தத்தில் உள்ளே போய், எழுதும்போது திரும்பாமல் நின்றால் போதும். நிப்பின் பிளவு வாய்க்காலுக்கு நேர் மேலே அமைகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூத்தகடைசல்:
நான் முதலிலேயே சொன்னேன், வெர்னியர் என்று.

பிளவுநோக்கி:
வெர்னியர் சரியாகத்தான் காட்டியது ஐயா. கிரீஸ் டப்பாதான் கெடுத்தது.

புதுக்கடைசல்:
கழுவினேன், துளையையும் தேய்த்தேன். மூன்று பக்கம் நிற்காமல் எழுதிவிட்டது. பொதி சுற்றப் போகிறேன், நன்றி.

வெந்நீர்ப்பிரியன்:
மகிழ்ச்சி. சுற்றுவதற்கு முன் ஒரே ஒரு முறை வெந்நீரில் காட்டிவிடுங்கள்.