பயிற்சிக் குறிப்புல எந்த ஓஎஸ்ஸுக்கு உதாரணம் கொடுக்கிறது?

வியாசர்பாடி வாத்தியார்:
வியாசர்பாடியில சனிக்கிழமை சாயங்காலம் பசங்களுக்கு பைத்தான் சொல்லித் தர்றேன். மொத்தம் 14 பேர். 11 பேர்கிட்ட ரிச்சி தெருவுல வாங்கின பழைய விண்டோஸ் லேப்டாப். மூணு பேர் வீட்டுல அண்ணன், அக்காவுக்கு அரசு கொடுத்த லேப்டாப், அதுல பாஸ் லினக்ஸ் ஓடுது. என்னோடது உபுண்டு, அதுவும் ஒரு லினக்ஸ்தான். குறிப்பு முழுக்க அதுல ஓடுற மாதிரியே எழுதிட்டேன்.

போன வாரம் கொருக்குப்பேட்டைப் பொண்ணு ஒருத்தி, 'சோர்ஸ்'னு ஆரம்பிக்கிற வரியை பவர்ஷெல்லுல, அதாவது விண்டோஸ்ல கட்டளை அடிக்கிற ஜன்னல்ல, அடிச்சா. சிவப்பு எழுத்தா கொட்டுச்சு. தான்தான் ஏதோ எழுத்தை விட்டுட்டோம்னு நாலு தடவை அழிச்சு அழிச்சு அடிச்சிருக்கா, என்னைக் கேட்கவே இல்ல. அங்க அந்தக் கட்டளையே கிடையாது. வென்வுக்குள்ள (ஒரு பைத்தான் வேலைக்குன்னு தனியா வச்சுக்கிற ஃபோல்டர்) 'பின்' ஃபோல்டரும் இல்ல, 'ஸ்கிரிப்ட்ஸ்'தான் இருக்கு. தப்பு என் குறிப்புல. மனசு கேட்கல.

எல்லா உதாரணத்தையும் ரெண்டு ரெண்டா எழுதினா 20 பக்கம் 40 ஆயிடும். என்ன பண்ணலாம்?

தண்டையார்பேட்டை தம்பி:
அண்ணா, பைத்தான் நிரல் பெரும்பாலும் எங்கேயும் ஒண்ணுதான். இன்ஸ்டால் பண்றது, வென்வை ஆக்டிவேட் பண்றது, இந்த இடங்கள்ல மட்டும் ரெண்டு வரி கொடுங்க. விண்டோஸ் வரி மேல வரட்டும், 11 பேர் அதுலதானே இருக்காங்க. ஃபைல் பாதைக்கு ஃபார்வர்ட் ஸ்லாஷ் (/) போடுங்க, விண்டோஸ்ல இருக்கிற பைத்தானும் ஏத்துக்கும்.

எண்ணூர் அட்மின்:
விண்டோஸ்னு பொதுவா எழுதிடாதீங்க சார், அதுல கட்டளை அடிக்கிற பழைய ஜன்னலான சிஎம்டி வேற, பவர்ஷெல் வேற. நீளமான கட்டளையை உடைச்சு எழுத லினக்ஸ்ல இருக்கிற பேஷ்ல பேக்ஸ்லாஷ் (\), சிஎம்டியில கேரட் (^), பவர்ஷெல்லுல பேக்டிக் (`). அதனால உடைக்கவே வேணாம், ஒரே வரியா கொடுத்துடுங்க. சிங்கிள் கோட் சிஎம்டியில மேற்கோளாவே எடுபடாது, டபுள் கோட் போடுங்க. இன்னொண்ணு, ஆக்டிவேட் ஸ்கிரிப்டை பவர்ஷெல் முதல்ல ஓடவிடாது. அந்த எர்ரர் எப்படி இருக்கும், எந்த செட்டிங்கை மாத்தணும்னு அதே பக்கத்துல எழுதுங்க. இல்லேன்னா அந்தப் பொண்ணு மறுபடியும் அங்கதான் நிப்பா.

பெரம்பூர் லினக்ஸ்:
எல்லாருக்கும் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுற வசதி) போட்டுடுங்களேன், ஒரே குறிப்பு போதும்.

வியாசர்பாடி வாத்தியார்:
பாதி மெஷின் 4 ஜிபி ராம் தோழர், பிரவுசர் திறந்தாலே திணறுது. அதோட வீட்டுக்குப் போய் அவங்க தனியா திறக்கப்போறது விண்டோஸைத்தான்.

தம்பி, அட்மின் சார், ரொம்ப நன்றி. இதுவரைக்கும் விண்டோஸ் வரிகளை ஓட்டிப் பார்க்காமலே எழுதலாம்னு இருந்தேன். இந்தச் சனிக்கிழமை அந்தப் பொண்ணோட லேப்டாப்புலயே அவ பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு வரியா ஓட்டறேன். ஓடினது மட்டும் குறிப்புல ஏறும்.