வேலையை எண்ணிப் படிக்கும் மாணவர்களிடம் பேச யாரை அழைக்கலாம்?

கேள்வி – தொழிற்கல்வி ஆசிரியர், சேரன்மகாதேவி வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் மேல்நிலை மாணவர்களுக்கு அடிப்படை மின் பொறியியல் கற்பித்து வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் பேட்டை ஐ.டி.ஐ.யிலோ ஏதேனும் ஒரு பட்டறையிலோ சேர்ந்து, விரைவில் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அவர்களில் பெரும்பாலோர் இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் செய்முறை வகுப்பில் மணி அடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். பாடநூலைத் திறந்தால் முகம் வாடிவிடும். ஊக்கம் பிறக்கட்டும் என்று சென்ற ஆண்டு உயர் பதவியில் இருக்கும் ஒருவரை அழைத்தோம். விடாமுயற்சியைப் பற்றி ஒரு மணி நேரம் நன்றாகவே பேசினார். அவர் சென்ற பின் ஒரு மாணவன், "சார், அவர் தினமும் வேலைக்குப் போய் என்ன செய்வார்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இந்த ஆண்டு யாரை, எப்படி அழைப்பது?

மறுமொழி – காற்றாலைப் பராமரிப்புப் பணியாளர், ராதாபுரம்

ஐயா, அந்த மாணவன் கேட்டதற்கு விடை சொல்லக்கூடியவரையே அழையுங்கள். உங்கள் மாணவர்களைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருந்தால் போதும். நானும் இதே பிரிவில் படித்தவன்தான். நான் படித்த பள்ளிக்குச் சென்றபோது, மேடை ஏறாமல், காப்புத் தடையை, அதாவது மின்சாரம் கசியாமல் காப்பு எவ்வளவு தடுக்கிறது என்பதை, அளக்கும் மெக்கர் கருவியை எடுத்து மேசையில் வைத்து, மாணவர்கள் கட்டிய மோட்டார்களைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு மோட்டாரில் காப்புத் தடை ஏறக்குறைய சுழியத்தைக் காட்டியது; பிரித்துப் பார்த்தபோது, கம்பிச் சுருள் அமரும் பள்ளமான காடியில் வைத்த காப்புத் தாள் கிழிந்து கம்பி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைக் கட்டிய மாணவன் காப்புத் தடைப் பாடத்தை அன்று மாலையே தானாக எடுத்துப் படித்ததாக ஆசிரியர் பின்னர் சொன்னார்.

காற்றாலைக்கு அழைத்து வருவதானால் அக்டோபருக்குப் பிறகு வாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று வலுத்து வீசும்போது இயந்திரத்தை நிறுத்த யாரும் விரும்புவதில்லை. பெரிய பராமரிப்பு வேலைகளெல்லாம் காற்று தணிந்த மாதங்களில்தான் நடக்கும் என்பதால், அப்போதுதான் மாணவர்கள் பார்க்க வேலையும் இருக்கும், விளக்கிச் சொல்ல எங்களுக்கு நேரமும் இருக்கும்.

மறுமொழி – ஓய்வுபெற்ற வேளாண் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

தம்பி சொல்வது சரி. ஆனால் பேச்சை முதலில் வைக்காதீர்கள். இடத்தைக் காட்டிவிட்டு, அதன் பிறகு பேசவிடுங்கள். எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாணவிகளை அழைத்துச் சென்றிருக்கிறேன். வீட்டில் இட்லிக்குப் போடும் அம்பை 16 நெல், ஏ.டி.டி. 31, கோ 39 ஆகிய இரண்டு நெல் ரகங்களையும் ஒட்டுச் சேர்த்து இங்கே உருவாக்கப்பட்டு 1986இல் வெளிவந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. அப்படி ஒட்டுச் சேர்ப்பதற்காக நெற்பூவின் ஆறு மகரந்தத் தாள்களையும் சிறு இடுக்கியால் எடுக்கும் பணியைக் களப் பணியாளர் ஒருவர் செய்து காட்டினார். கை நடுங்க அதைச் செய்து பார்த்த மாணவிகள், ஒரு வாரம் கழித்து அவரே பள்ளிக்கு வந்தபோது விடாமல் கேள்வி கேட்டார்கள். என்ன படித்தார், என்ன சம்பளம், கார் நெல் பருவ வெயிலில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று எதையும் விடவில்லை. சம்பளத்தைக் கேட்பது தவறு என்று மட்டும் பிள்ளைகளைத் தடுத்துவிடாதீர்கள். வேலையை எண்ணிப் படிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. மாணவிகளை வெளியே அழைத்துச் செல்லும்போது இரண்டு தாய்மார்களையும் உடன் அழையுங்கள். மேற்கொண்டு படிக்க வைப்பதா என்று வீட்டில் பேச்சு எழும்போது அந்தத் தாய்மாரே பிள்ளைக்காகப் பேசுவார்கள்.

மறுமொழி – மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர், வீரவநல்லூர்

ஐயா, எனக்கு மேடையில் பேச வராது. கார் பருவம் தொடங்கும் நேரத்தில் வயல் மோட்டார்கள் எரிந்து கடைக்கு வந்து குவியும். சனிக்கிழமைகளில் இரண்டு மாணவர்களை அனுப்பினால், எது ஏன் எரிந்தது என்று பிரித்துக் காட்டுகிறேன். மின் இணைப்புள்ள எதையும் தொடவிட மாட்டேன்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மிக்க நன்றி. தலைமையாசிரியரிடம் இன்று பேசிவிட்டேன். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வந்ததும் முதல் இருவரைக் கடைக்கு அனுப்புகிறேன். ராதாபுரம் தம்பி, நீங்கள் வரும் நாளில் மாணவர்கள் கட்டிய ஐந்து மோட்டார்களும் மேசையில் இருக்கும். மெக்கரைக் கொண்டு வாருங்கள்.