மறுமொழி: மூட் போர்டுக்குத் தமிழில் ‘சாயல்பலகை’

நண்பர்களுக்கு வணக்கம். வடிவமைப்பு வேலையைத் தொடங்கும் முன் படம், நிறம், எழுத்துரு மாதிரிகளை ஒரே பக்கத்தில் ஒட்டிக் காட்டுவதை ஆங்கிலத்தில் ‘மூட் போர்டு’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘சாயல்பலகை’ எனலாம் என்ற என் கருத்துக்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> மூட் என்றால் மனநிலை, போர்டு என்றால் பலகை. ‘மனநிலைப் பலகை’ போதாதா?

போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. புதுச்சேரியில் சுடுமண் பொம்மை விற்கும் ஒரு கடைக்கு இணையதளம் வடிவமைத்து வருகிறேன். வேலையைத் தொடங்கும் முன் படங்கள், நிறங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் ஒட்டி, ‘மனநிலைப் பலகை’ என்று தலைப்பிட்டு அனுப்பினேன். கடைக்கார அம்மா போன் செய்தார். “யாரோட மனநிலை தம்பி? வாங்க வர்றவங்களோடதா, எங்களோடதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தளம் பார்வைக்கு எப்படி இருக்கப்போகிறது என்பது மட்டுமே அந்தப் பக்கத்தில் இருந்தது. “தளத்தோட சாயல் இப்படி இருக்கும்மா” என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். சொல் அப்படித்தான் வாயில் வந்தது.

அன்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன், இதைவிடப் பொருத்தமாக வேறு கிடைக்கவில்லை. குழந்தையைப் பார்த்து “அப்படியே பாட்டி சாயல்” என்கிறோம். மூக்கோ சிரிப்போ பாட்டியிடமிருந்து வந்திருக்கும், ஆனால் குழந்தை வேறு ஆள். வடிவமைப்பாளர் செய்ய வேண்டியதும் அதுதான். பிகான்ஸ், டிரிபிள், பின்டரஸ்ட் என்று மற்றவர்களின் வடிவமைப்புகளும் படங்களும் கிடைக்கும் தளங்களில் மணிக்கணக்கில் மேய்கிறோம். பிடித்த ஒரு தளத்தை அப்படியே எடுத்து நிறத்தை மட்டும் மாற்றினால் அது நகல். இடைவெளியை ஓரிடத்திலிருந்தும், நிறத்தை ஒரு சுவரிலிருந்தும், எழுத்தின் தடிமனைப் பழைய கடைப் பலகையிலிருந்தும் எடுத்தால் அது சாயல். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்க நான் படும் பாட்டை, இந்த ஒரு சொல்லே பாதி குறைத்துவிடும்.

எங்கள் ஊரிலேயே இதற்குக் கண்கண்ட சான்று உண்டு. வைசியாள் வீதி பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள் (2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்ற வீதி). ஊரைக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழ்ப் பகுதி என்று பிரிக்கும் கால்வாய்க்கு மேற்கே உள்ள சில பழைய வீடுகளில் கீழே திண்ணையும் மரத்தூணும் தமிழ் முறையில் இருக்கும், மேல்மாடியில் வளைவுச் சன்னலும் சுதை வேலைப்பாடும் பிரெஞ்சு முறையில் இருக்கும். கட்டிய கொத்தனார் கிழக்கே இருந்த வீட்டைப் பெயர்த்து வந்து வைக்கவில்லை. சாயலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கடைக்கான பலகையில் நான் வைத்தவை: வில்லியனூர்ச் சுடுமண்ணின் செம்மை, கிழக்குப் பக்கத்துச் சுவர்களின் மஞ்சள், வீதிப் பெயர்த்தகடுகளின் நீலம், முக்த மலர் எழுத்துரு. நிறங்களை போட்டோவிலிருந்தே எடுத்தேன். பயர்பாக்ஸ், குரோம் இரண்டிலும் உருவாக்குநர் கருவிகளுக்குள் (இணையப் பக்கத்தைச் சோதிக்க உலாவியிலேயே இருக்கும் வசதி) நிறம் எடுக்கும் கருவி இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். அந்த மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பார்வை குறைந்தவர்கள் உட்பட எல்லோரும் தளத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கான அணுகுதன்மை நெறிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிற வேறுபாட்டு விகிதம் கேட்கின்றன, அதன் பக்கத்தில்கூட வரவில்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். எழுத்தை அடர் பழுப்பாக மாற்றினேன்.

இனி மறுப்புகள்.

> தொல்காப்பியத்தில் ‘சாயல் மென்மை’ என்றல்லவா வருகிறது?

ஆமாம் ஐயா, சொற்பொருள் கூறும் உரியியல் பகுதியில் அப்படித்தான். ஆனால் இன்று வீட்டிலும் தெருவிலும் அந்தச் சொல் உருவ ஒற்றுமைக்கே வழங்குகிறது. கலைச்சொல் இன்றைய வழக்கின்மேல் நிற்பதுதான் நல்லது. பழைய பொருளும் இதற்குப் பகையில்லை.

கடலூர் நண்பர் ‘திரட்டு’ என்று முன்மொழிந்திருந்தார். நல்ல சொல், அதையும் வைத்துக்கொள்வோம், ஆனால் வேறு பொருளுக்கு. கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து வைக்கும் இடம் திரட்டு. என்னிடமே ஆயிரக்கணக்கான படங்கள் அப்படிக் கிடக்கின்றன. அதிலிருந்து இந்த ஒரு வேலைக்கென்று பன்னிரண்டைப் பொறுக்கி அருகருகே வைப்பது வேறு காரியம். பொறுக்குவதில்தான் வடிவமைப்பாளரின் கண் தெரியும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் அந்த உழைப்பு மறைந்துபோகும்.

‘பலகை’ மரத்தை நினைவூட்டுகிறது என்ற கவலை எனக்கு இல்லை. விசைப்பலகை என்று தினமும் சொல்கிறோம், யாரும் மரத்தைத் தேடுவதில்லை.

மிச்சம் இருப்பது புணர்ச்சி, அதாவது இரு சொற்கள் சேரும்போது எழுத்து மாறுவது. ‘சாயற்பலகை’ என்று எழுத வேண்டும் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இலக்கணப்படி அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் கடைக்கார அம்மாவிடம் அதைச் சொல்லிப் பார்த்தால் ‘சாயல்’ காதில் விழாது, மறுபடி விளக்க வேண்டிவரும். ‘சாயல்பலகை’ என்று சேர்த்து, லகரத்தை அப்படியே விட்டு எழுதலாம் என்பது என் கருத்து. இதில் இலக்கணம் அறிந்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், நிறம் எடுக்கும் அந்தக் கருவிக்கு ‘நிறமுறிஞ்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சுவரின் நிறத்தையே உறிஞ்சிக் காலிசெய்துவிடும் போலத் தொனிக்கிறது. ‘நிறமெடுப்பான்’ போதுமே? அதைத் தனி இழையில் பேசலாம்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து