புதுப்பிப்பு: புராஸ்டேட் மாத்திரையும் அப்பாவின் தலைசுற்றலும்

மன்னார்குடியிலிருந்து மறுபடி. புராஸ்டேட்டுக்காக பிராசோசின் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது, காரணம் மாத்திரையா காதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பாருங்கள் என்றவரின் யோசனைதான் வழி காட்டியது. படுத்திருக்கையில் 138/82, நின்றதும் 110/70. மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். இந்த வகை மருந்து புராஸ்டேட் தசையோடு ரத்தக் குழாயையும் தளர்த்திவிடுகிறது. விடியற்காலை மடை திறக்கப் போக எழுந்தவர், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றது அதனால்தான். டாக்டர் அதே வகையைச் சேர்ந்த டாம்சுலோசின் 0.4 மி.கி. மாத்திரைக்கு மாற்றி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். அந்தக் கிறுகிறுப்பு போய்விட்டது.

ஆனால் வலப்பக்கம் புரண்டு படுத்தால் அறையே சுழல்வது மட்டும் போகவில்லை. இதை எதிர்பார்க்கவே இல்லை. உள்காதில் கால்சியம் துகள் இடம் மாறியிருந்ததாம். காது டாக்டர் தலையைப் பக்கம் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைக்கும் எப்லி முறையைச் செய்ததும் அடங்கியது. ஆக, மாத்திரைதான், காதுதான் என்று இங்கே சண்டை போட்ட இரண்டு கட்சியும் ஜெயித்தது!

அப்புறம், கண்புரை ஆபரேஷன் வைத்திருப்பவர்கள் இந்த வகை புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனின்போது கண் பாப்பா சரியாக விரியாமல் போகலாம்.